காலுக்கு இறங்கும் இடுப்பு வலிக்கு நரம்பு வேர் ஊசி: முடிவெடுப்பது, தயாராவது, பிறகு கவனிப்பது

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, இடுப்பில் தொடங்கிப் பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுரீரென்று இறங்குகிற வலியை சயாட்டிகா என்கிறார்கள். 'ஜவ்வு விலகிவிட்டது' என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்வதும் இதைத்தான். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அந்த வலி அடங்காமல், அறுவை சிகிச்சைக்கும் மனம் ஒப்பாமல் இருக்கும் கட்டத்தில், 'முதுகில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம்' என்று மருத்துவர் சொன்னால், அதற்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்பதையும், சம்மதித்தால் எப்படித் தயாராவது என்பதையும், ஊசிக்குப் பிறகு எதைக் கவனிப்பது என்பதையும் இங்கே விளக்கமாகப் பார்க்கலாம்.

இது வார்டில் கட்டிலில் உட்காரவைத்துப் போடுகிற ஊசி அன்று. சி-ஆர்ம் எனப்படும், நோயாளியைச் சுற்றி வளைந்து நகரக்கூடிய எக்ஸ்-ரே கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே, நரம்பு முதுகெலும்பிலிருந்து வெளியேறும் துவாரம் வரை ஒரு நீண்ட மெல்லிய ஊசியைச் செலுத்தி, அந்த நரம்பின் வேரைச் சுற்றியுள்ள இடத்தில் ஸ்டீராய்டு மருந்தை விடுவதே இதன் முறை. சில மருத்துவமனைகளில் சி-ஆர்முக்குப் பதிலாக சி.டி. ஸ்கேன் கருவியில் வைத்துச் செய்வதும் உண்டு. தையல் கிடையாது; பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

இந்த ஊசி பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடாது என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். டிஸ்க்கின் நடுப்பகுதியில் உள்ள கூழ் போன்ற பொருள் வெளியே வந்து நரம்பைத் தொடும்போது, அழுத்தம் மட்டுமன்றி அழற்சியும் ஏற்பட்டு நரம்பு வேர் வீங்குகிறது. ஸ்டீராய்டு தணிப்பது அந்த அழற்சியைத்தான். பிதுங்கிய பகுதியைச் சுருக்கும் வேலையை உடலே மெதுவாகச் செய்துகொள்கிறது. வியப்பாகத் தோன்றினாலும், பெரிதாகப் பிதுங்கித் துண்டாகப் பிரிந்த டிஸ்க்குகளே பல நேரங்களில் அதிகமாகச் சுருங்குகின்றன. ஆகவே ஊசியின் பயன், உடல் தன் வேலையை முடிக்கும் வரை நோயாளி தூங்கவும் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிகிற அளவுக்கு வலியைக் குறைத்து, அவகாசம் வாங்கித் தருவதில் இருக்கிறது. கருவி, ஊசி முனையைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அந்த இடம் எது என்பதைத் தீர்மானிப்பவை, நீங்கள் உங்கள் வலியைப் பற்றிச் சொல்கிற விவரமும் மருத்துவர் கையால் தொட்டுச் செய்கிற பரிசோதனையும்தான். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து இடம் குறித்துப் போடப்படும் ஊசி, எவ்வளவு துல்லியமாக இறங்கினாலும் தவறான வாசலில் நிற்க வாய்ப்பு உண்டு.

ஊசிக்கு நேரம் வந்துவிட்டதா?

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றியுள்ள இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தன்னறியாமல் போவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களும் ஒருசேர பலமிழப்பது ஆகிய இவற்றில் எது தோன்றினாலும், அன்றே, நள்ளிரவானாலும், முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நரம்புக்கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளம் அது. ஊசிக்கு அங்கே வேலை இல்லை. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது, நாளுக்கு நாள் கால் பலம் குறைவது ஆகியவையும் ஊசியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டியவை. காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலியும் தனிக் கணக்கு. அங்கே காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஸ்டீராய்டு போடுவது ஆபத்து.

இவை எதுவும் இல்லையென்றால், அவசரப்பட வேண்டியதில்லை. டிஸ்க் பிதுங்கி வரும் சயாட்டிகா பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. அதனால் ஆறு வாரம் வரை மாத்திரை, நடை, பயிற்சி என்று பார்த்துவிட்டு, அப்போதும் வலி 10க்கு 5க்கு மேல் நின்று தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் ஊசியைப் பற்றிப் பேசுவது நியாயமான கால அளவு. வலி தாங்கவே முடியாத அளவில் இருப்பவருக்கு அதற்கு முன்பே போடுவதும் உண்டு.

வலி காலில் அதிகமா, இடுப்பில் அதிகமா என்பது அடுத்த கேள்வி. கால்வலிதான் ஆளை வாட்டுகிறது என்றால் இந்த ஊசிக்குப் பலன் எதிர்பார்க்கலாம். காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இதனால் பெரிய பயன் இல்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, குறிப்பிட்ட காரணம் தெரியாத இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசிகளை அளிக்க வேண்டாம் என்றே கூறுகிறது. கடுமையான புதிய சயாட்டிகாவுக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாய் குறுகி, சிறிது தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து, உட்கார்ந்தால் சரியாகிற நிலைமையும் வேறு. அமெரிக்காவில் 400 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நிலைமைக்கு ஸ்டீராய்டு கலந்த ஊசி, வெறும் மரப்பு மருந்து ஊசியைவிட ஆறு வாரத்தில் சொல்லும்படியான கூடுதல் பலன் எதையும் தரவில்லை.

பிறகு ஸ்கேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்துவிட்டு மூன்று இடங்களில் 'டிஸ்க் பல்ஜ்' (டிஸ்க் உப்பியிருக்கிறது) என்று இருப்பதைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் ஏராளம். முதுகுவலியே இல்லாத 3110 பேரின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. நரையைப் போல வயதோடு வருகிற மாற்றங்களும் அறிக்கையில் அச்சாகும் என்பதால், எந்த மாற்றம் உங்கள் வலிக்குக் காரணம் என்பதைத் தனியே பிரித்தறிய வேண்டும்.

அதற்கு நோயாளியே வீட்டில் செய்யக்கூடிய ஓர் எளிய வேலை உண்டு. ஒரு தாளில் காலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வரைந்து, வலி எங்கே ஓடுகிறது, எங்கே மரத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலி கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக ஓடிப் புறங்காலைக் கடந்து பெருவிரலில் முடிந்து, குதிகாலில் நடப்பது கடினமாக இருந்தால், பெரும்பாலும் எல்-5 நரம்பு (எல் என்பது இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளையும், எஸ் என்பது அவற்றுக்குக் கீழுள்ள எலும்பையும் குறிக்கும்; எண் மேலிருந்து கீழான வரிசை). கெண்டைக்காலின் பின்பக்கமாக இறங்கிப் பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் என்று முடிந்து, நுனிக்காலில் எம்பி நிற்பது கடினமாக இருந்தால், பெரும்பாலும் எஸ்-1 நரம்பு. தொடையின் முன்பக்கம் வழியாக முழங்காலைத் தாண்டி உள்பக்கக் கணுக்கால் வரை வந்தால் எல்-4. வழக்கமாகப் பிதுங்கும் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு இடையிலான டிஸ்க் அழுத்துவது எல்-5 நரம்பை. அதற்குக் கீழுள்ள டிஸ்க் அழுத்துவது எஸ்-1 நரம்பை. டிஸ்க் நடுவில் பிதுங்காமல் ஓரத்துக்கு வெகுதூரம் பிதுங்கினால் மட்டும் ஒரு படி மேலேயுள்ள நரம்பு மாட்டிக்கொள்ளும். நீங்கள் வரைந்த படமும், ஸ்கேனில் தெரியும் இடமும், மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தும் கணுக்காலில் தட்டிப் பார்த்தும் சொல்வதும் ஒரே நரம்பைச் சுட்டினால் தயங்காமல் மேலே செல்லலாம். மூன்றும் மூன்று பக்கம் இழுத்தால் ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எந்த நரம்பு, எந்தப் பக்கம், அதை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதே முதல் கேள்வி. திரையில் நேரடியாகப் பார்த்து, எக்ஸ்-ரேயில் தெரியும் சாயம் செலுத்தி உறுதிசெய்த பிறகுதான் மருந்தை விடுவீர்களா என்பது அடுத்தது. 'அனுபவத்தில் கைக்கே தெரியும்' என்ற பதில் வந்தால், என்னைக் கேட்டால், வேறொருவரைப் பார்ப்பது உசிதம். நரம்புத் துவாரத்தை ஒட்டியே முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மெல்லிய தமனி ஓடக்கூடும் என்பதால், இந்த இடத்தில் கை அனுபவம் கண்ணுக்கு மாற்றாகாது.

எந்த ஸ்டீராய்டு என்றும் கேளுங்கள். ட்ரையம்சினலோன், மெத்தில்பிரட்னிசலோன் ஆகியவை நுண்துகள்களாக மிதக்கும் மருந்துகள். தவறித் தமனிக்குள் போனால் துகள்கள் ரத்தக்குழாயை அடைத்து முதுகுத்தண்டையோ மூளையையோ பாதிக்கலாம். டெக்சாமெத்தசோன் முழுதும் கரைந்த, துகளற்ற மருந்து. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில், இவ்வகை ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கை கால் செயலிழப்பு, மரணம் ஆகியவை நேர்ந்துள்ளன என்று எச்சரித்தது. இதனால்தான் நரம்புத் துவாரம் வழியாகப் போடும்போது டெக்சாமெத்தசோனையே முதல் தேர்வாகக் கொள்ளும் மருத்துவர்கள் பெருகியிருக்கிறார்கள். கழுத்தில் போடும் ஊசிக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பலமடங்கு பொருந்தும். ஏனெனில் அங்கே மூளைக்குச் செல்லும் தமனிகள் அருகிலேயே இருக்கின்றன. இடுப்பு ஊசியைப் பற்றிய இந்தக் கட்டுரையை வைத்துக் கழுத்து ஊசிக்கு முடிவெடுக்க வேண்டாம்.

மருந்துக் குப்பி புதிதாக உடைக்கப்படுமா என்று கேட்பதும் தவறில்லை. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மருந்து கலந்து விற்கும் ஒரு நிறுவனம் தயாரித்த மெத்தில்பிரட்னிசலோன் குப்பிகளில் பூஞ்சை கலந்துவிட, அதை முதுகில் போட்டுக்கொண்டவர்கள் உட்பட 750க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊசி போட்டவர்கள் மீது பிழை இல்லை. குப்பிக்குள் இருந்தது பிழை. ஒரு நோயாளிக்கு ஒரு குப்பி என்ற நடைமுறை உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

'மூன்று ஊசி ஒரு பேக்கேஜ்' என்று முன்கூட்டியே பணம் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. முதல் ஊசி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமலே இரண்டாவதையும் மூன்றாவதையும் நாள் குறித்துவிடுவதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. அது கணக்குப்பிள்ளையின் வசதிக்காக ஏற்பட்ட வழக்கம். காப்பீடு வைத்திருப்பவர்கள், படுக்கையில் ஓர் இரவு தங்காத டே-கேர் சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா, முன் அனுமதி தேவையா என்பதை ஊசிக்கு முந்தைய வாரமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

எதிர்பார்ப்பையும் இந்தச் சந்திப்பிலேயே சரிசெய்துகொள்ளலாம். பிரிட்டனில் டிஸ்க் பிதுங்கிய சயாட்டிகா நோயாளிகள் 163 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நுண்ணறுவை சிகிச்சையும் மறு பிரிவுக்கு இந்த நரம்புத் துவார ஊசியும் அளித்து ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. 18 வாரங்களின் முடிவில் இரு பிரிவினரின் அன்றாட இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் பிறகு அறுவை சிகிச்சைக்குச் சென்றார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும், உடனே அறுக்க வேண்டிய அவசரம் இல்லாதவருக்கு ஊசியை முதல் படியாக வைப்பது அறிவுக்குப் பொருந்துகிறது.

பெயர் ஒத்த பிற சிகிச்சைகள்

'முதுகு ஊசி' என்ற ஒரே சொல்லால் வேறு சில சிகிச்சைகளையும் குறிப்பிடுவதால் குழப்பம் வருகிறது. முதுகெலும்பின் பின்பக்கத்துச் சிறு மூட்டுகளிலிருந்து வரும் வலிக்கு, அம்மூட்டுகளின் உணர்வு நரம்பில் சில துளி மரப்பு மருந்தை விட்டுச் சோதித்து, வலி தெளிவாகக் குறைந்தால் மட்டும் அந்த நரம்பை ரேடியோ அலை ஊசியால் சுமார் 80 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் சுட்டு மரக்கச்செய்வது ஒரு முறை. நரம்பு மீண்டும் வளரும் என்பதால் அதன் பலன் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை.

எலும்பு மெலிந்து நொறுங்கிய முள்ளெலும்புக்குள் எலும்புச் சிமெண்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி மற்றொன்று. 1984இல் பிரான்சின் அமியான் நகரில் காலிபெர், தெராமோன் ஆகிய மருத்துவர்கள், கழுத்து முள்ளெலும்பில் இருந்த ரத்தநாளக் கட்டிக்காக முதன்முதலில் இதைச் செய்தார்கள். பின்னாளில் அது எலும்பு மெலிவுக்கான சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகள், சிமெண்ட் செலுத்தாமல் செலுத்தியதுபோல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்ததாகக் காட்டி, மருத்துவ உலகில் பெரிய வாதத்தைக் கிளப்பின. உடைந்து ஆறு வாரத்துக்குள் இருக்கும் கடும் வலிக்குப் பலன் உண்டு என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு கூறியது. 2018இல் வந்த இன்னொன்று இல்லை என்றது. ஆகவே பாட்டிக்கு முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறது, நாளைக்கே சிமெண்ட் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முறிவு புதியதா பழையதா என்பதை எம்.ஆர்.ஐ.யில் உறுதிசெய்தீர்களா, எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்கினீர்களா என்று கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

ஊசிக்கு முந்தைய வாரம்

தவறினால் விளைவு பெரிதாகும் விஷயம் ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகள்தாம். ஊசி போட்ட இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் அது நரம்பை நசுக்கும். க்ளோபிடோக்ரெல் சுமார் ஒரு வாரம் முன்பும், வார்ஃபரின் சுமார் ஐந்து நாள் முன்பும் நிறுத்தப்பட்டு, வார்ஃபரின் எடுப்பவருக்கு ஊசிக்கு முன் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பார்க்கப்படுவது பொது வழக்கம். அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்குக் கால அளவு சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து மாறும். எகோஸ்ப்ரினை (ஆஸ்பிரின்) நிறுத்துவதா தொடர்வதா என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்த நாள் கணக்கைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்து எடுக்கும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். அவருக்குக் கால்வலி ஊசியைத்தான் தள்ளிப்போட வேண்டும். மாத்திரை கொடுத்த இதய மருத்துவரும் ஊசி போடும் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசி, நிறுத்தும் நாளையும் மீண்டும் தொடங்கும் நாளையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு, ஒரே ஊசியில் போகும் ஸ்டீராய்டுகூட சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். மூன்று மாதச் சராசரி ஏற்கெனவே மோசமாக இருந்தால், அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஊசி போடுவது தொற்று வராமலிருக்கவும் உதவும். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாதவர்கள் அந்த ஒரு வாரத்துக்காவது ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொள்ளலாம்; அளவு ஏறினால் என்ன செய்வது, இன்சுலினைக் கூட்டுவதா என்பதைச் சர்க்கரை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவைக்க வேண்டும்.

சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல் சீழ், முதுகில் கொப்புளம் என்று உடலில் எங்கே தொற்று இருந்தாலும் ஊசியை ஒத்திவைக்க வேண்டும். முன்பு ஸ்கேனுக்குச் சாயம் போட்டபோது ஒவ்வாமை வந்திருந்தாலோ, கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தாலோ முதலிலேயே தெரிவிக்க வேண்டும். மயக்கம் கொடுக்கும் திட்டம் இருந்தால் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. வெறும் மரப்பு ஊசி மட்டும் என்றால் பல இடங்களில் இலேசாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். எது என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டால், பட்டினி கிடந்து சர்க்கரை இறங்கி மயங்கி விழுவதைத் தவிர்க்கலாம். எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

தியேட்டருக்குள்

வலியுள்ள பக்கத்தை மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு, சி-ஆர்மின் கை நுழையக்கூடிய மேசையில் உங்களைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். இடுப்பின் வளைவு சமமாக வேண்டும் என்பதற்காக அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை இருக்கும். குளிர்ந்த கிருமிநாசினியால் முதுகைத் துடைத்து, நடுவில் திறந்த பச்சைத் துணி போர்த்துவார்கள். கையில் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றும் ஊசி, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். அதன்பின் சி-ஆர்ம் சிறிது சிறிதாகச் சாய்ந்து நகரும் ஓசை கேட்கும். சரியான முள்ளெலும்பை எண்ணிக் கண்டுபிடித்து, அதன் மேல்விளிம்பு ஒரே கோடாகத் தெரியும்படி கோணத்தை அமைக்கிறார்கள். கருவியைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது திரையில் முள்ளெலும்பின் நிழல் ஒரு சிறு நாய்க்குட்டியின் உருவத்தைப் பெறும். கதிரியக்க மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை 'ஸ்காட்டி நாய்' என்றே அழைக்கிறார்கள். அந்த நாயின் கண்ணாகத் தெரிவது முள்ளெலும்பின் தண்டு போன்ற எலும்புப் பாலம். அந்தக் கண்ணுக்கு நேர் கீழேதான் நரம்பு வெளியேறும் துவாரம் இருப்பதால், ஊசிக்குக் குறி அதுவே.

தோலை மரக்கச்செய்யும் முதல் ஊசி சில நொடி எரியும். பிறகு 22 கேஜ் அளவுள்ள நீண்ட ஊசி இறங்கும்போது அழுத்தம் மட்டும் தெரியும். நரம்பை நெருங்குகையில் உங்களுக்குப் பழக்கமான அதே கால்வலி ஒரு கணம் சுண்டி இழுக்கலாம். அசையாமல், வாயால் மட்டும் சொல்லுங்கள்: 'பெருவிரல் வரை போகிறது', 'இது என் வழக்கமான வலி', அல்லது 'இது வேறு இடம்' என்று. மருத்துவர் உடனே ஊசியைச் சிறிது பின்வாங்குவார். ஆழ்ந்த மயக்கம் கொடுத்துச் செய்தால் இந்தத் தகவல் கிடைக்காது. பயத்துக்குச் சிறிது தூக்க மருந்து போதும், முழு மயக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டாம்.

ஊசி முனை இடத்தில் நின்றதும், முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரு கோணங்களில் படம் எடுத்து ஆழத்தைச் சரிபார்த்து, பிறகு அரை மில்லி முதல் ஓரிரு மில்லி வரை சாயத்தைத் திரையைப் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள். இந்தச் சிகிச்சை முழுவதிலும் நிதானிக்க வேண்டிய இடம் இதுவே. சாயம் நரம்பைத் தழுவி ஓடி அதன் உருவத்தைக் கோடிட்டுக் காட்டி அங்கேயே தங்கினால் இடம் சரி. தோன்றிய மறுகணமே அலையடித்து மறைந்தால் முனை ரத்தக்குழாய்க்குள் இருக்கிறது. ஊசியை நகர்த்தி மீண்டும் பார்க்க வேண்டும். பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்பது மட்டும் உறுதியாகாது, ஏனெனில் முனை குழாய்க்குள் இருந்தும் ரத்தம் வராமல் போவது உண்டு. எல்லாம் சரியென்றால் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் மெதுவாக உள்ளே போகும். கால் கனப்பதுபோல் இருக்கும். படுத்ததிலிருந்து எழுவது வரை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மரப்பு மருந்தினால் சில மணி நேரம் கால் பலமற்று மடங்கலாம் என்பதால், ஒன்றிரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே இருந்து, யாராவது கைப்பிடிக்க நடந்து பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். அன்று வண்டி ஓட்டக்கூடாது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு போவதும் வேண்டாம்.

முதல் ஆறு மணி நேரத்தில் வலி எப்படி இருக்கிறது என்பதை ஒரு மணிக்கொரு முறை பத்துக்கு எவ்வளவு என்று எழுதிவையுங்கள். அலட்சியமாக விட்டுவிடுகிற வேலை இது, ஆனால் அதன் மதிப்பு பெரிது. மரப்பு மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் கால்வலி பெருமளவு மறைந்தால், குறித்த நரம்புதான் காரணம் என்பதற்கு அது வலுவான சான்று. பின்னாளில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எந்த இடத்தைத் திறப்பது என்பதற்கும் அந்தத் தாள் உதவும். அன்று இரவே வலி திரும்பி வந்தால் ஊசி தோற்றுவிட்டதாகக் கருத வேண்டாம். மரப்பு போய்விட்டது, ஸ்டீராய்டு இன்னும் தொடங்கவில்லை. அது வேலை செய்ய இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். சிலருக்கு நடுவில் ஓரிரு நாள் வலி கூடவும் செய்யும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையும் போதும். பலனை மதிப்பிட இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

முகம் சிவந்து சூடாவது, ஓரிரு இரவு தூக்கம் வராமை, ரத்த அழுத்தம் சிறிது ஏறுவது, பெண்களுக்கு மாதவிடாய் முன்பின்னாவது ஆகியவை ஸ்டீராய்டால் வரும் தற்காலிக விளைவுகள். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் விட்டுவிடுகிற தலைவலி வந்தால், முதுகுத்தண்டின் உறையில் சிறு துளை விழுந்திருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், சரிசெய்ய வழி இருக்கிறது. காய்ச்சல், நாள் செல்லச் செல்லக் கூடும் முதுகுவலி, கழுத்து இறுக்கம், புதிதாகக் கால் பலமிழப்பது, முன்பு சொன்ன சிறுநீர், மலப் பிரச்சினைகள் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. தொற்றின் அறிகுறி ஊசி போட்டு ஓரிரு வாரம் கழித்தும் வரலாம்.

மறுநாள் சாதாரணமாகக் குளிக்கலாம். குளம், ஆறு, கிணறு, நீச்சல் குளம் ஆகியவற்றில் இரண்டு மூன்று நாள் இறங்க வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்த்து நீவிவிடுவதும், 'உள்ளே போன மருந்து பரவட்டும்' என்று சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் வீட்டுப் பெரியவர்களின் அன்பில் நடக்கிற காரியங்கள்; பணிவோடு மறுத்துவிடுங்கள்.

படுத்தே கிடக்கவும் தேவையில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடந்து, இரண்டு மூன்று நாளில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பலாம். அரை மணிக்கொரு முறை எழுந்து நிற்பது, ஒருக்களித்துத் திரும்பிக் கையூன்றி எழுவது, தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் சில வாரம் பிறரிடம் விடுவது என்ற அளவில் கவனம் போதும். வலி குறைந்ததும் பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள்தாம் அதிகம். வலி குறைந்த அந்த வாரங்களில்தான் பயிற்சியைச் செய்ய உடல் ஒத்துழைக்கும் என்பதால், ஊசிக்குக் கொடுத்த பணம் வீணாகாமலிருக்க முதல் வாரத்திலேயே பயிற்சியாளரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது ஊசி வேண்டுமா என்பதை முதல் ஊசியின் கணக்கே சொல்லும். வலி பாதிக்கும் மேல் குறைந்து சில வாரங்களோ மாதங்களோ நல்லபடியாகக் கழிந்து மீண்டும் தலைதூக்கினால், இன்னொன்று போடுவதில் நியாயம் உண்டு. ஓராண்டில் மூன்று நான்குக்கு மேல் போவதில்லை என்பது பரவலான நடைமுறை. அடிக்கடி போட்டால் உடலின் இயல்பான ஸ்டீராய்டு சுரப்பும் எலும்பின் உறுதியும் பாதிக்கப்படும். சாயம் சரியாக ஓடியிருந்தும் முதல் சில மணி நேரத்தில்கூட வலி அசையவில்லை என்றால், அதே இடத்தில் மீண்டும் போடச் சம்மதிக்காமல், நோயறிதலை முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுத் தேய்மானம், கால் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவையும் சயாட்டிகா வேடத்தில் வருவது உண்டு.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த நரம்பு, எந்தப் பக்கம், மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 'முதுகு ஊசி போடப்பட்டது' என்று மட்டும் இருந்தால் திருத்தி எழுதித் தரக் கேளுங்கள். சாயம் பரவிய நிலையில் எடுத்த இரண்டு படங்களின் பிரதியையும் வாங்கி, உங்கள் வலிக் கணக்குத் தாளோடு எம்.ஆர்.ஐ. உறைக்குள் சேர்த்து வைத்துவிட்டால், அடுத்து எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பவை எல்லாம் கையில் இருக்கும்.